ஒருவழி மொய்

அந்த விதியை எழுதியது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் குறுக்கே மறித்து என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

என் பெயர் ஆனந்தவல்லி. சுந்தரபாண்டியத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஊர்க் கபடி அணிக்குச் செயலாளரும் நான்தான். மில் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி எனக்கு மெதுவாகப் பேசவே வராது. கோபமும் அப்படித்தான், வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் ஆறு ஊர்கள் சேர்ந்து ஒரு கபடி லீக் நடத்துகிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர், செட்டியார்பட்டி, வத்திராயிருப்பு, நாங்கள். ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சீசனுக்கு இவ்வளவு என்று பேசிச் சம்பளம் கொடுக்கும். ராஜபாளையம் அணிக்கு முதலாளி அழகுராஜா அண்ணாச்சி. நூல் மில்காரர். நல்ல மனிதர், அதைச் சொல்லாவிட்டால் வாய் வெந்துவிடும். ஆனால் எந்த ஊரில் ஒரு பையன் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தாலும், அடுத்த சீசனில் அவன் அண்ணாச்சியின் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்பான்.

நாலு வருடம் தொடர்ந்து கப்பு அவருக்குத்தான். ஓர் இறுதிப் போட்டியில் ஐம்பத்தெட்டுக்குப் பதினாலு. இடைவேளையிலேயே சனம் எழுந்து பஸ் பிடிக்கப் போய்விட்டது. சுண்டல்காரர் மிச்சச் சுண்டலை எங்கள் கையில் சும்மாவே கொட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பை வாங்கும்போதும் போன் காதில் இருந்தது. செட்டியார்பட்டிக்காரர்கள் இனிமேல் வரமாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். தோற்பதற்கு எதற்குப் பஸ் செலவு என்று கேட்டார்கள்.

அப்போதுதான் சம்பள வரம்பு கொண்டுவந்தோம். எந்த அணியும் சீசனுக்கு மொத்தம் நாலு லட்சத்துக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. கூட்டத்தில் ஐந்து கைகள் உயர்ந்தன. உயராத கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரம்பு வந்த முதல் வருடம் சேத்தூரில் ஒரு காதுகுத்து. அண்ணாச்சி அணியின் ரெய்டர் ஒருவரின் பிள்ளைக்கு. எனக்கும் பத்திரிகை வந்திருந்தது, போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போது மைக்கில் மொக்கைச்சாமியின் குரல் கேட்டது. எங்கள் வட்டாரத்து விசேஷங்களில் மொய் வாசிப்பவர் அவர். கபடி மேட்சில் புள்ளி சொல்பவரும் அவரேதான். இரண்டுக்கும் ஒரே ராகம்.

"ராஜபாளையம் அழகுராஜா அண்ணாச்சி அவிய... ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்து ஒண்ணூ!"

பாதி அப்பளத்தை இலையிலேயே போட்டேன். எச்சில் கையோடு எழுந்து நேராக அண்ணாச்சியிடம் போனேன்.

"என்ன அண்ணாச்சி இது?"

"மொய்யும்மா. நம்ம பையன் வீட்டு விசேஷம். செய்ய வேண்டாமா?"

"எம்புட்டு?"

"அதான் மைக்குல சொன்னாவள்ல."

ரகசியமாகக் கவரில் வைத்துக் கொடுத்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஆனால் மைக்கில் வாசிக்காத மொய்யை எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது எழுதுவார்களா? அதனால் மொய் என்ற பேரில் சம்பளம் கொடுக்கிற திருட்டும் ஊரறிய நடந்தது. அந்த வருடக் கப்பும் அவருக்கே போனது. ஐந்தாவது.

அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு விதியை எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். ஓர் அணியின் உரிமையாளரோ பங்குதாரரோ, தன் ஆட்டக்காரர் வீட்டு விசேஷத்தில் எழுதும் மொய், சம்பளமாகவே கொள்ளப்படும். அதனால் வரம்பு தாண்டினால் அந்த ஆட்டக்காரர் ஆடக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணாச்சியும் தட்டினார். அவர் தட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த ஓட்டையை அடைத்ததும் லீக்கே மாறிப்போனது. அண்ணாச்சி மூன்று நல்ல ஆட்டக்காரர்களை விட வேண்டியதாயிற்று. அவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். செட்டியார்பட்டிக்காரர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, முதல் மேட்சிலேயே ராஜபாளையத்தை இரண்டு புள்ளியில் தோற்கடித்தார்கள். அன்றைக்குச் சுண்டல் அரைமணியில் காலி. யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத மேட்சைப் பார்க்கத்தான் சனத்துக்கு எத்தனை ஆசை!

இதையெல்லாம்விடப் பெரிய அதிசயம், சுந்தரபாண்டியம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் அணி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. எதிர்த்து ராஜபாளையம். ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் முடிந்து மாலை ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டம்.

நாங்கள் வந்ததற்குக் காரணம் இசக்கிமுத்து. எங்கள் ஊர்ப் பையன், தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவன். அவனை எட்டாம் வகுப்பில் இருந்து எனக்குத் தெரியும். ரெய்டுக்குப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டான்.

வியாழக்கிழமை ஆவுடையப்பன் சாரிடமிருந்து போன் வந்தது. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லீக்கில் எந்த அணி வரம்பை மீறுகிறது என்று பார்க்கும் பொறுப்பு அவருடையது. ஒரு கப் காப்பி வாங்கிக் கொடுத்தாலும் எதற்கு என்று கேட்கிற ஆள்.

"இசக்கிமுத்து ஆட முடியாதும்மா. புகார் வந்திருக்கு."

"யாரு குடுத்தது?"

"அழகுராஜா. வைகாசியில அந்தப் பையனோட தங்கச்சி கல்யாணத்துல உங்க ஊரே மொய் எழுதியிருக்கு."

"ஊரு எழுதினா உங்களுக்கு என்ன சார்? ஊரா முதலாளி?"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர்தான் முதலாளி. எங்களிடம் மில் முதலாளி யாரும் கிடையாது. வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் பங்கு போட்டு இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து நடத்தும் அணி இது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, மொய் எழுதியிருக்கிறது. என் விதிப்படி அவ்வளவும் இசக்கிமுத்துவின் சம்பளம். எங்களுக்கு வரம்பில் மிச்சம் இருந்ததோ வெறும் மூவாயிரம் ரூபாய்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு மில் சத்தத்தையும் தாண்டிக் கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "நீ எழுதின விதிதானம்மா. கையெழுத்துகூட உன்னோடதுதான், அழகா இருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மில்லில் பச்சரிசிக்குப் பதிலாக யாரோ கொடுத்த கம்புத் தானியத்தைக் கொட்டி அரைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டினேன். "ஒவ்வொரு வீட்டு மொய் நோட்டும் இப்ப வேணும்" என்றேன். மொய் என்றால் சும்மா தூக்கிக் கொடுப்பதா? இசக்கிமுத்துவின் அம்மா இருளம்மாள் இத்தனை வருடமாக ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் எழுதியதைத்தானே ஊர் திருப்பிச் செய்தது? அதைக் காட்டிவிட்டால் போதும் என்பது என் கணக்கு. ஒரு குட்டியானை வேன் நிறைய நோட்டுகள் ஏறின. மஞ்சள் கறை பட்டவை, எலி கடித்தவை, அட்டை போய் நூலில் தொங்குபவை. ஆவுடையப்பன் சார் வீட்டு முன்னறையில் அவற்றைக் கொட்டியபோது அவர் வீட்டம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார். ஒவ்வொரு நோட்டிலும் இருளம்மாள் பெயரைத் தேடிக் காட்ட வேண்டும். தேடுகிற சாக்கில் ஊர் தன் கதையையெல்லாம் வாசிக்கத் தொடங்கியது. "ஏலே, எங்க அக்கா சடங்குக்கு வெறும் அம்பத்தொண்ணா எழுதினே?" என்று ஒருவர் சத்தம் போட, "அப்ப அம்பத்தொண்ணு அம்புட்டுப் பெருசுலே" என்று மற்றவர் எகிற, நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் வாசலுக்குத் தள்ளினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சார் நிமிர்ந்தார்.

"இவங்க அவங்களுக்குச் செஞ்சிருக்காங்க, அவங்க இவங்களுக்குச் செஞ்சிருக்காங்க. போக்குவரத்து இருந்தா அது மொய். அதுல கூடக் கொறையப் போட்டாலும் வழக்கம்தான். ஒருவழியாப் போயிருந்தாத்தான் சம்பளம். இருநூத்திப் பதினோரு வீடு சரியா இருக்கு."

"இன்னும் ஒண்ணு?"

"உங்க வீடு."

நான் ஐயாயிரத்து ஒன்று எழுதியிருந்தேன். இருளம்மாள் எனக்கு இதுவரை ஒரு ரூபாய்கூட எழுதியதில்லை. எப்படி எழுத முடியும்? என் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் சிவபாண்டி பட்டாளத்தில் இருக்கிறார். பிள்ளை இல்லை. இருக்கிற வீடு மாமனார் கட்டியது. பதினாறு வருடமாக ஊர் விசேஷம் ஒன்று விடாமல் மொய் எழுதியிருக்கிறேன், என் வாசலில் ஒரு பந்தக்கால் ஊன்றியதில்லை. அதில் எனக்கு வருத்தமே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்தான்.

ஆக, மிச்சமிருந்த மூவாயிரத்துக்கு மேல் இரண்டாயிரத்து ஒரு ரூபாய் கூடிவிட்டது. அதுவும் என் ஒருத்தியால்.

"இருளம்மா அதைத் திருப்பிக் குடுத்துட்டா?" என்று சாரிடம் கேட்டேன்.

அதற்குள் பக்கத்தில் நின்ற இருளம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி வல்லி, எழுதின மொய்யச் சும்மா திருப்பிக் குடுத்தா உன் ஒறவே வேண்டாம்னு சொல்லுத மாதிரி. அந்தக் காரியத்த நான் செய்யமாட்டேன். என் மகன் ஆடாட்டா ஆடாமப் போறான்."

"அக்கா, நான் வெளிய இருந்துக்கிடுதேன். நீங்க வெசனப்படாதீக" என்றான் இசக்கிமுத்து. சொல்லும்போது அவன் தன் உள்ளங்கைக் காய்ப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எனக்கு எப்போதும் கோபம்தான் முந்தும். "வாய மூடுலே" என்று கத்தினேன்.

இருளம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, உன் மில்லுக்குப் பக்கத்துல மிளகாத்தூள் அரைக்கப் புதுசா தகர ஷெட்டு போட்டியே. அதுக்குப் பால் காய்ச்சிட்டியா?"

"ஷெட்டுக்கு எவளாவது பால் காய்ச்சுவாளா?"

"காய்ச்சுனா என்ன? நான் வந்து மொய் எழுதுதேன்."

ஆவுடையப்பன் சார் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "பத்திரிகை, பால், பந்தி மூணும் இருக்கணும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள முடியணும். ஒண்ணு கொறைஞ்சாலும் நாடகம்னு எழுதிருவேன். நான் நேர்ல வருவேன். புகார் குடுத்தவரையும் கூட்டிட்டு வருவேன்."

சனிக்கிழமை முழுக்க ஓடினேன். ஜெராக்ஸ் கடையில் பத்திரிகை அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். சிவபாண்டிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "எனக்குத் தெரியாம என் வீட்டுல விசேஷமா?" என்று எல்லையில் இருந்து கூப்பிட்டுக் கேட்டார். "லீவு கிடைச்சா வாங்க, கிடைக்காட்டி மொய்ய ஜீபேல போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தகர ஷெட்டில் பால் வைத்தோம். ஒன்றை மறந்துவிட்டேன். புதன்கிழமை மெஷினை ஓட்டிப் பார்த்து ஒரு மூட்டை மிளகாய் அரைத்திருந்தோம். அடுப்பைப் பற்றவைத்து விசிறியதும் தரையில் கிடந்த தூளெல்லாம் கிளம்பியது. பால் பொங்கியபோது குலவை போட வாயைத் திறந்த பெண்கள் எல்லோரும் தும்மினார்கள். ஆவுடையப்பன் சார் தும்மினார். அழகுராஜா அண்ணாச்சி ஒன்பது தடவை தும்மினார், நான் எண்ணினேன். எனக்குப் பரம திருப்தி.

பந்தி முடிந்ததும் மொய் மேஜையில் இருளம்மாள் முதல் ஆளாக உட்கார்ந்தார். மைக்கில் மொக்கைச்சாமி இழுத்தார். "சுந்தரபாண்டியம் இருளம்மாள் அவிய... ஐயாயிரத்து ஐந்நூத்து ஒண்ணூ!" ஆவுடையப்பன் சார் தன் டைரியில் ஒரு டிக் போட்டார். இசக்கிமுத்து ஆடலாம்.

அதோடு முடிந்தது என்று நோட்டை மூடப் போனேன். "மூடாதட்டி" என்றது ஒரு குரல். நிமிர்ந்தால் வரிசை தெருவைத் தாண்டி நிற்கிறது. கையில் எல்லோரும் தங்கள் வீட்டு நோட்டை வைத்திருக்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை இருளம்மா பேரைத் தேடுறப்பதான் பாத்தோம். உன் பேரு பக்கத்துக்குப் பக்கம் கிடக்கு. பதினாறு வருஷமா ஒருத்தரும் உனக்குத் திருப்பலையேட்டி. ஒரு வார்த்தை கேட்டிருக்கியா?"

மிளகாய் நெடி என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மிளகாயும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுதேன். ஊர் முழுவதும் எனக்காக ஒரு தகர ஷெட்டு வாசலில் வரிசையில் நின்றது. அந்தச் சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

வரிசையின் கடைசியில் அண்ணாச்சி. சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போக அவருக்கும் மனசு வரவில்லை. ஆயிரத்து ஒன்று எழுதினார். "எனக்குத் திருப்பிச் செய்யணும், ஞாபகம் வச்சுக்கோ. தையில மக கல்யாணம்" என்றார்.

"சாயங்காலம் மைதானத்துல செய்யுதேன் அண்ணாச்சி, வாங்க" என்றேன்.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் எள் போட இடமில்லை. ஆறு ஊர்ச் சனமும் வந்திருந்தது. சுண்டல்காரர்களே மூன்று பேர் வந்திருந்தார்கள். அந்த ஆட்டத்தை நான் எப்படிச் சொல்ல? நாங்கள் இரண்டு ஏறினால் அவர்கள் இரண்டு ஏறினார்கள். இடைவேளையில் பதினெட்டுக்குப் பதினெட்டு. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அண்ணாச்சியின் போன் நாற்காலிக்கு அடியில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது, அவர் குனியக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். ஒரு காலில் செருப்பைக் காணோம்.

முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று. கடைசி ரெய்டு எங்களுடையது. இசக்கிமுத்து போனான். ஒரு காலை நீட்டினான், எதிராளியின் தோளைத் தொட்டுவிட்டான், நான் பார்த்தேன். திரும்பினான். கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது.

"பட்டுரா! பட்டுரா!" என்று அண்ணாச்சி அலறினார். பதற்றம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். பிடிடா என்கிறார். பிடித்துவிட்டார்கள். முதலில் ஒருவன் கணுக்காலை, பிறகு இருவர் இடுப்பை. இசக்கிமுத்து அவர்களை இழுத்துக்கொண்டே கையை நீட்டினான். அவன் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு தேங்காய்தான் வைக்கலாம். விசில் ஊதிவிட்டது.

"ராஜபாளையம் முப்பத்து நாலூ! சுந்தரபாண்டியம் முப்பத்து மூணூ!" என்று மொக்கைச்சாமி மொய் ராகத்தில் இழுத்தார்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எரிச்சல், வயிற்றெரிச்சல், எல்லாம். இசக்கிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒரு தேங்கா தூரம்க்கா" என்றான். "தெரியும்லே, பாத்தேன்" என்றேன். அவன் சிரித்தான். மைதானமே அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது, ராஜபாளையத்துக்காரர்களும்தான்.

அப்போது அண்ணாச்சி கப்போடு எங்களிடம் வந்தார். ஒற்றைச் செருப்போடு. கண் இரண்டும் சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. காலை நேரத்து மிளகாய் இன்னும் போகவில்லையோ என்று கேட்க வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"தாயி, வீட்டுல அஞ்சு கப்பு இருக்கு" என்றார். "ஜெயிச்சது இன்னைக்குத்தான்."

இந்த ஒரு சந்தோஷத்தைச் செய்து கொடுத்தது என் விதி. அதை அனுபவிக்கிறவர் இவர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணாச்சி, தையில உங்க மக கல்யாணத்துக்கு ஆயிரத்து ஒண்ணு வந்துரும். இந்தக் கப்ப என் மொய்யா எழுதிக்கோங்க. அடுத்த வருஷம் நீங்க திருப்பிச் செய்யணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வழக்கப்படி கூடப் போட்டா?"

"கூட ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "ஒரே ஒரு புள்ளியில திருப்புங்க, போதும்."

இசக்கிமுத்து அவருடைய இன்னொரு செருப்பைத் தேடப் போனான். நாங்கள் இருவரும் மிச்சம் இருக்குமா என்று சுண்டல்காரரைப் பார்க்கப் போனோம். மூன்று பேரிடமும் காலியாகியிருந்தது.